எழும்பூர் மியூசியம்: சாமி சிலைகளைப் பார்க்கப் போகிறீர்களா?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்து வெண்கலச் சிலைகளைப் பற்றிப் போன இதழில் பேச்சுவாக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். கோடை விடுமுறை வேறு வருகிறதா, கடிதங்கள் குவிந்துவிட்டன. நான் தொல்லியல் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். ஸ்கெட்ச் நோட்டும் பென்சிலுமாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

பள்ளி லீவுக்குக் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். திரும்பும் நாளன்று எழும்பூரில் ராத்திரி ரயில். மத்தியானம் மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. மியூசியம் முழுவதையும் பார்த்துவிடலாமா? (திருநெல்வேலி வாசகர்)

முடியாது சார். முயற்சியும் செய்யாதீர்கள். 1851-இல் தொடங்கிய இடம் அது. கல் சிலை, நாணயம், ஓவியம், பதம்செய்த விலங்குகள், திமிங்கல எலும்புக்கூடு என்று அடுத்தடுத்த கட்டடங்களில் பரந்து கிடக்கிறது. பழைய சென்னைக்காரர்கள் இதைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. செத்த காலேஜை ஒரே நாளில் பார்த்து முடித்தேன் என்று யாராவது சொன்னால், அவர் எதையும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாளைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. சாமி சிலை பார்க்க நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமையாகத் தேர்ந்தெடுத்து வந்து, பாந்தியன் சாலை கேட்டில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களில் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை. சாமான்களை ஸ்டேஷனிலோ தங்குமிடத்திலோ வைத்துவிட்டு வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் மே மாத வெயிலில் பெரியவர்களை நடத்தாதீர்கள், ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காக அவ்வப்போது ஒரு கூடத்தை மூடிவைப்பார்கள். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே “வெண்கலக் கூடம் திறந்திருக்கா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

உள்ளே வந்ததும் வேறு எங்கும் கால் வைக்காமல் நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். இரண்டு மணி நேரம் அங்கேயே. கண்ணாடிப் பெட்டி பெட்டியாக வரிசையில் நகர்ந்தால் கால் மணியில் எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். நாலே நாலைத் தேடிப் பாருங்கள். திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், வடக்குப்பனையூர் ராமர் குழு, நாகப்பட்டினத்துப் புத்தர்கள். மற்றவை போகிற வழியில் கண்ணில் படட்டும்.

அர்த்தநாரீசுவரரிடம் கையை எண்ணுங்கள். வலப்பக்கம் சிவன், இரண்டு கை. இடப்பக்கம் அம்மன், ஒரே கை. மொத்தம் மூன்று. இடுப்புத் துணி சிவன் பக்கம் தொடையோடு நின்றுவிடும், அம்மன் பக்கம் கீழே வரை இறங்கும். இரண்டு பாதி ஒட்டவைத்த மாதிரி எங்கேயும் தெரியாது. வளைந்து நிற்பது ஒரே உடம்புதான். வரைந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் புரியும். நடுவில் கோடு போட்டு ஆரம்பித்தால் படம் நிச்சயம் கெட்டுவிடும்.

ராமர் கையில் வில் இருக்காது. அது தனியாகச் செய்து, விழாவுக்கு விழா மாட்டுவது. உயர்ந்த இடக்கையும் தாழ்ந்த வலக்கையும் பிடித்திருக்கும் பாவனையிலேயே வில்லும் அம்பும் தெரிந்துவிடுகின்றன. நாகப்பட்டினத்தில் 1856-இல் தொடங்கிக் கிடைத்த பௌத்தப் படிமங்கள் சுமார் 350. தலை உச்சியில் சுடர் எழும் புத்தர்கள் அவர்கள். சோழ நாட்டில் சிவன் சிலை வார்த்த அதே கை இவர்களையும் வார்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். துணி மடிப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

நேரம் மிஞ்சினால் அமராவதிக் கற்கள், அதாவது ஆந்திரத்துப் பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்கள். மிஞ்சாவிட்டால் அடுத்த லீவு இருக்கிறது.

என் மாமியாருக்கு வயது எழுபத்தைந்து. “சாமியைப் பார்க்கப் போகிறோம், வெறுங்கையோடா போவது?” என்கிறார். பூ, கற்பூரம் எடுத்துப் போகலாமா? அங்கே செருப்போடு போவதும் அவருக்கு உறுத்துகிறது. (திருப்பூர் வாசகி)

மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

பூ, குங்குமம், கற்பூரம், எண்ணெய் எதுவும் வேண்டாம். தீயும் எண்ணெயும் ஏன் கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை. பூவும் குங்குமமும் ஈரத்தோடு உலோகத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த செம்பில் உப்பு ஏறியிருக்கும். ஈரம் பட்டால் பச்சைப் பொடியாகப் பூத்து அரிக்க ஆரம்பிக்கும். அதைத் தடுக்கவே அங்கே தனியாக ஒரு ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. கை கூப்பிக் கும்பிடுவதை யாரும் தடுக்கமாட்டார்கள். வாய்விட்டுத் தேவாரம் சொல்லிக்கொண்டே சுற்றி வரும் பெரியவர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். செருப்பு அவரவர் மனசு. எல்லோரும் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள். உறுத்தினால் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

பூஜை இல்லாமல் நிற்கும் சாமியைப் பார்க்க அவர் வருத்தப்படலாம். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் உற்சவர்கள். பீடத்தைக் கவனித்தால் துளைகளும் வளையங்களும் தெரியும். கழியும் கயிறும் கோத்துத் தோளில் தூக்கிப் போக வைத்தவை. கோயிலில் உற்சவரை நாம் பார்ப்பதெல்லாம் பட்டும் மாலையும் கவசமுமாக, முகமும் கையும் பாதமும் மட்டும். தோளின் சரிவு, முதுகின் பள்ளம், இடுப்பு மடிப்பு, பூணூல் வளைந்து ஓடும் விதம் எல்லாம் அபிஷேகம் செய்யும் குருக்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எழும்பூரில் அது நமக்கும் கிடைக்கிறது. காலமெல்லாம் கும்பிட்ட சாமியை ஸ்தபதி பார்த்த மாதிரி ஒரு தடவை பார்க்கட்டும்.

சில முகங்களில் மூக்கும் இதழும் மழுங்கியிருப்பதைக் காட்டுங்கள். அது பால், தயிர், எண்ணெய், துலக்கல் என்று தலைமுறை தலைமுறையாக நடந்த அபிஷேகத்தின் தேய்மானம். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

போன மாதம் எழும்பூரில் அந்தத் திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். நாலடி உயரம்கூட இல்லை. திருவாசியும் இல்லை, விரிசடையும் இல்லை. இதற்கா இவ்வளவு பேர்? (சிதம்பரம் வாசகர்)

சிதம்பரத்துக்காரர் வேறு எப்படிச் சொல்வீர்கள்!

நீங்கள் சொன்னதெல்லாம் சரி. உயரம் சுமார் 115 செ.மீ. சுற்றியிருக்க வேண்டிய தீவட்டமும் இரு பக்கமும் பறக்க வேண்டிய சடையும் காணாமல் போய்விட்டன. எத்தனை நிமிஷம் நின்றீர்கள், எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலானவர்கள் நேர் எதிரே நின்று, ஒரு போட்டோ எடுத்து, நகர்ந்துவிடுகிறார்கள்.

அடுத்த தடவை வலப்பக்கமாக நகருங்கள். காலடியில் கிடக்கும் அசுரன் முயலகன் மேல் ஊன்றிய வலது காலை மட்டும் பாருங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கும். தூக்கிய இடக்காலின் பாரமும் குறுக்கே வீசிய கையின் பாரமும் அந்த ஒற்றை முழங்காலில் வந்து இறங்குகின்றன. இது உள்ளே பொள்ளல் விட்டு வார்த்தது இல்லை, கனமாக வார்த்தது. அவ்வளவு உலோகம் ஒரு கால்மேல் நிற்கிறது. நாட்டியம் படிக்கும் பெண்ணை அதே நிலையில் அரை நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள், தோள் ஆடும். இவர் தோள் ஆடவில்லை. அந்தச் சமநிலையைத்தான் ஊர் உலகம் கொண்டாடுகிறது.

அப்புறம் பின்பக்கம். திருவாசியும் சடையும் போனது நமக்கு ஒரு வகையில் லாபம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதுகெலும்பின் ஓட்டமும் நாலு கைகள் தோளிலிருந்து பிரியும் இடமும் மறைப்பில்லாமல் தெரிகின்றன. மனித உடம்பில் இரண்டு கைக்குத்தான் இடம். நாலு கையை வைத்துவிட்டு, பார்க்கிறவனுக்கு உறுத்தாமல் செய்ய வேண்டும். பின்னால் போய் அந்தத் தோளைப் பார்த்தால், முன்கையும் பின்கையும் ஒரே தசையிலிருந்து வளர்ந்த மாதிரி இருக்கும். பள்ளியில் சாமி படம் வரையும் பிள்ளைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டாவது ஜோடிக் கையை முழங்கைக்குப் பக்கத்திலிருந்து முளைக்க வைத்துவிடுவார்கள்.

பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சென்னைக்கு வந்ததே இல்லை. இந்த மியூசியச் சிலைகளின் போட்டோக்களை மட்டும் வைத்துக்கொண்டு, 1913 வாக்கில் சிவனின் நடனத்தைப் பற்றி உருகி உருகி எழுதினார். அவர் இறந்த பிறகு 1921-இல் அது அச்சில் வந்தது. போட்டோவுக்கே அப்படி. உங்களுக்குச் சிதம்பரத்திலிருந்து நேராக எழும்பூருக்கு ரயில் இருக்கிறது. இன்னொரு தரம் வாருங்கள்.

என் பத்து வயதுப் பையன் எந்த மியூசியத்திலும் பத்து நிமிஷம் தாங்கமாட்டான். (வேலூர் வாசகி)

விளக்கம் சொல்லாதீர்கள். ஒரு பென்சில், கோடு போடாத நோட்டு, அவ்வளவுதான். துப்பறியும் வேலை கொடுங்கள். “நடராஜரின் இரண்டு காதிலும் ஒரே தோடா?” “யார் யார் கையில் மான் இருக்கு?” “எந்தச் சாமிக்குச் செருப்பு இருக்கு?” கண்டுபிடித்ததை வரையட்டும். அழிரப்பர் தராதீர்கள். தந்தால் அழித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அப்படியும் நெளிந்தால் திமிங்கலம் இருக்கவே இருக்கிறது.

கோயில் சாமிகளை மியூசியத்தில் அடைத்து வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்? எல்லாவற்றையும் அந்தந்தக் கோயிலுக்கே திருப்பித் தரவேண்டாமா? இதைக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்கிறீர்களே. (மயிலாடுதுறை வாசகர்)

கோபம் புரிகிறது. ஆனால் ‘எல்லாவற்றையும்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

எழும்பூரில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பூமியிலிருந்து கிடைத்தவை. படையெடுப்புப் பயம் வந்த காலங்களில் உற்சவர்களை மண்ணுக்குள் இறக்கிக் காப்பாற்றினார்கள். ஆபத்துக் காலத்தில் எப்படிப் புதைக்க வேண்டும் என்பதற்கே ஆகம நூல்களில் முறை இருக்கிறது. புதைத்தவர்கள் போய்விட்டார்கள், இடம் தெரிந்த கடைசி ஆளும் போய்விட்டார். அப்புறம் எப்போதோ கிணறு வெட்டும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் கடப்பாரையில் ‘ணங்’ என்று பட்டு வெளியே வந்தார்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அந்த வழியாக மியூசியத்துக்கு வந்தவை ஏராளம். இவற்றில் பலவற்றுக்கு எந்தக் கோயில் என்றே சொல்ல முடியாது. சிலவற்றின் கோயிலே இன்று இல்லை.

திருட்டுப் போனவை வேறு கதை. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் திருட்டுப் போனார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மியூசியத்தில் இருந்தவர் 2019-இல் மீட்கப்பட்டு, ரயிலேறிச் சொந்தக் கோயிலுக்கே திரும்பினார். இவர் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஊர் தெரியும், கோயில் இருக்கிறது, கும்பிட ஆள் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

பத்தூர் நடராஜர் இதற்கும் அதற்கும் நடுவே. 1976-இல் மண்ணில் கிடைத்து, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். கோயிலின் சிவனே வாதியாக நின்று லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி ஜெயித்து, 1991-இல் நாடு திரும்பினார். திரும்பியவர் போய்ச் சேர்ந்தது பத்தூருக்கு இல்லை, திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த ஆயிரக்கணக்கான திருமேனிகள் அங்கே பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. பூஜையும் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. கோயிலில் வைக்கக் காவல் இல்லை என்ற நிலை மாறாதவரைக்கும் வேறு வழியில்லை என்பார்கள். என்னைக் கேட்டால், பூட்டிய அறையைவிடக் கண்ணாடிப் பெட்டி எவ்வளவோ மேல். குழந்தைகளாவது வந்து பார்க்கிறார்கள். மியூசியத்தின் மேல் இருக்கும் கோபத்தில் பாதியையாவது உங்கள் ஊர்க் கோயிலுக்கு ராத்திரிக் காவலாளி இருக்கிறாரா என்று விசாரிப்பதில் செலவிடுங்கள்.

ஐம்பொன் சிலைகளில் கிலோக் கணக்கில் தங்கம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே? (ஈரோடு வாசகர்)

வாட்ஸ்அப்பில் வரும். சோதித்துப் பார்த்த சோழர் சிலைகளில் பெரும்பங்கு செம்புதான். கூடவே வெள்ளீயமும் ஈயமும். தங்கமும் வெள்ளியும் இருந்தாலும் பேருக்குத்தான். இந்தத் தங்கப் புரளியை நம்பித்தான் சில்லறைத் திருடர்கள் கிராமத்துக் கோயில் பூட்டை உடைக்கிறார்கள். தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

எழும்பூர் பார்த்தாயிற்று. அடுத்து எங்கே போகலாம்? (மதுரை வாசகி)

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம். யோசிக்கவே வேண்டாம். பெரிய கோயில் மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிட்டால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவேளையைக் கலைக்கூடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவன், இருக்கிறார். கோலக்கவன் என்பவர் 1011-இல் இவரைச் செய்து வைத்தார் என்று திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அடுத்த வருஷம் அம்மன். இத்தனை துல்லியமாகத் தேதி தெரிந்த சோழர் படிமங்கள் அபூர்வம். காலை மாற்றிப் போட்டு, காளை மேல் கையைச் சாய்த்து, ஒய்யாரமாக நிற்கிறார். காளையைக் காணோம். கை மட்டும் அந்தரத்தில் இருக்கிறது. மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்து, விரல்கள் தாமாகத் தொங்குகின்றன. பாரத்தை எதன் மேலோ போட்டுவிட்ட கை அப்படித்தான் இருக்கும். காளையின் உயரம், முதுகின் சரிவு எல்லாவற்றையும் அந்தக் கையை வைத்தே காகிதத்தில் வரைந்துவிடலாம். நான் வரைந்து பார்த்திருக்கிறேன். தலையைப் பாருங்கள், சடையை முண்டாசு மாதிரி சுற்றி, பாம்பையும் சேர்த்து முடிந்திருக்கிறார். கிராமத்தில் வரப்போரம் நின்று பேசும் ஆள் தோரணை. எழும்பூர் நடராஜரா, தஞ்சாவூர் ரிஷபவாகனரா என்று யாராவது கேட்டால் நான் தஞ்சாவூர் பக்கம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு வீட்டுக்கு ஒரு நடராஜர் வாங்க ஆசை வந்துவிட்டது. எங்கே வாங்குவது, என்ன கேட்டு வாங்குவது? (கோவை வாசகர்)

சுவாமிமலைக்குப் போங்கள். கடையில் அடுக்கியதை எடுக்காமல், பட்டறையில் உட்கார்ந்து பேசுங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். ஒரு சிலைக்கு ஒரு மண் கூடுதான், அதை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அளவுக்கு இன்றைக்கும் தென்னை ஓலையை மடித்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். மெழுகைக் கையால் பிடித்ததா, அச்சில் எடுத்ததா? கன வார்ப்பா, பொள்ளலா? வார்த்த பிறகு முகத்தைச் செதுக்கியவர் யார்? விலை எடையிலும் வேலைப்பாட்டிலும் ஏறும். பழையது மாதிரி தெரிய வேண்டும் என்று பச்சை பூசிக் கொடுத்தால் வாங்காதீர்கள். புதுச் செம்பு பளபளவென்றுதான் இருக்கும், இருக்கட்டும். முன்பக்கம் பிடித்துப்போனாலும் உடனே பணத்தை எடுக்காதீர்கள். சிலையைத் திருப்பச் சொல்லி முதுகைப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.